ஜன்னலுக்குக் கேட்கும்படி

என் தங்கைக்குப் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பேச்சு வரும். நன்றாகவே வரும். இந்தத் தெருவில் அவளைப்போல நறுக்கென்று பேச ஆள் கிடையாது. என்ன, அவள் மனிதர்களிடம் பேசமாட்டாள். கோழிகளிடம் மட்டும்தான் பேசுவாள். அந்தக் கோழிகளைப் பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன் நான். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லைதான். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

எனக்கு அவள் நாலு வயது இளையவள். ஏழு வயது வரைக்கும் அவள் வாய் ஓய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. தூக்கத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். எட்டாவது வயதில், வீடு மாறிப் பள்ளிக்கூடமும் மாறிய வருஷம், பேச்சு குறைய ஆரம்பித்தது. ஒரேயடியாக நின்றிருந்தால் பயந்துபோயாவது ஏதாவது செய்திருப்போம். மேலே தொட்டி காலியாகும்போது குழாய் மெல்ல மெல்ல ஒல்லியாகுமே, அப்படித்தான் நின்றது. முதலில் டீச்சரிடம் பேசுவதை நிறுத்தினாள். அப்புறம் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம். அப்புறம் அப்பாவிடம், பிறகு என்னிடம். கடைசியாக அம்மாவிடம்.

அம்மாவிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "தண்ணி சூடா இருக்கு" என்றாளாம். சும்மா நில்லுடி என்று அம்மா ஒரு அதட்டுப் போட்டாளாம். எந்த அம்மாவும் தினமும் போடுகிற அதட்டுதான். அதை நினைத்து அம்மா சாகும்வரை தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, நினைத்தால் ஊரைக் கூட்டலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொரு டாக்டர், அவர் கொஞ்சம் பொறுமைசாலி, இது பயம், வற்புறுத்தினால் இன்னும் உள்ளே போய்விடும், விட்டுப் பிடியுங்கள் என்றார். பெரியப்பா அதெல்லாம் கேட்கவில்லை. அழுத்தக்காரி, நாலு போட்டால் நாலு ஊருக்குக் கேட்கும் என்றார். அப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் அண்ணனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பேனாவைக் கையில் கொடுத்தால் எழுதுவாளா என்று எல்லோரும் கேட்பார்கள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவாள். வீட்டில் காகிதத்தை நீட்டினால் 'சரி', 'வேண்டாம்', அவ்வளவுதான். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடன்காரன் நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

கோழிகள் வந்தது அந்த வருஷக் கடைசியில். சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவன் சாயம் பூசிய குஞ்சுகள் விற்றுக்கொண்டு வந்தான். ரோஸ், பச்சை, நீலம். அப்பா ஆறு குஞ்சு வாங்கிவிட்டார். ஒரு வாரம்கூடத் தாங்காது, பிள்ளை அழப்போகிறாள் என்று அம்மா சண்டை போட்டாள். சொன்னபடியே நாலு போய்விட்டது. இரண்டு பிழைத்தன. இறகு முளைக்க முளைக்கச் சாயம் போய், ஒன்று செம்பட்டையும் ஒன்று சாம்பலுமாகச் சாதாரணக் கோழிகளாகிவிட்டன. அப்பா புத்தகம் பைண்டிங் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப்போட்ட பலகைகளைக் கொண்டுவந்து, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு அடித்தார். அது பார்ப்பதற்குக் கதவு வைத்த புத்தக அலமாரி போல இருக்கும்.

கொல்லை என்றால் பெரிய தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கையை நீட்டிப் பத்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். ஒரு எலுமிச்சை மரம், துவைக்கிற கல், கூண்டு. சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கிற ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கும். அடுப்படியில் நிற்பவர்களுக்குக் கொல்லை முழுக்கத் தெரியும்.

ஒரு நாள் மாலை நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பாவை ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அடுப்பை அணைத்திருந்தாள், குக்கர் சத்தம் போட்டுக் கெடுத்துவிடும் என்று. மூன்று பேரும் ஜன்னல் ஓரமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். வெளியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

செம்பட்டைக் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நீ ரெண்டு வாய் கூடத் தின்றுவிட்டு அவளை விரட்டுகிறாய், உனக்கு வெட்கமாக இல்லையா என்று. எட்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். அப்பா தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அம்மாவின் கை என் மணிக்கட்டை நசுக்கியது. எனக்கு அப்போது வந்தது அழுகை அல்ல, எரிச்சல். எங்களிடம் பேசமாட்டாள், கேவலம் ஒரு கோழியிடம் பேசுவாளா என்று இருந்தது. அந்த எரிச்சலை நான் கடைசிவரை விடவில்லை. பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பம் அந்த ஜன்னலை வைத்துத்தான் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கொல்லைக்குப் போவாள். கூண்டைத் திறந்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு அன்றைய சமாச்சாரத்தை எல்லாம் கோழிகளிடம் ஒப்பிப்பாள். பாதி வீட்டு வம்பு. அப்பா மூக்குமுடியை வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கழுவாமல் மேஜையில் வைக்கிறார். அம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் தலைவலி என்று சொன்னது பொய். அண்ணன் கணக்கில் ஃபெயில், விடைத்தாளைப் பழைய ஷூவுக்குள் சுருட்டி வைத்திருக்கிறான். அன்று ராத்திரி எனக்கு விழுந்த அடிக்கு அந்தச் செம்பட்டைக் கோழிதான் காரணம்.

தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் ஒரே மாதிரி முடிப்பாள். "செருப்பு பிஞ்சு போச்சு. அப்பாகிட்ட யார் சொல்றது?" மறுநாள் சாயங்காலம் புதுச் செருப்பு வாசலில் இருக்கும். "காது குத்துது, ரெண்டு நாளா. அம்மாகிட்ட யார் சொல்றது?" அம்மா அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவாள். கொல்லையில் நமக்கு ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது என்று அப்பா சிரிப்பார். கோழியிடம் சொன்ன சமாச்சாரம் எப்படி வாசலுக்குச் செருப்பாக வருகிறது என்று அவள் ஒரு நாளாவது யோசித்திருப்பாளே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவைத் தவிர யாருக்கும் என்று சொல்லவேண்டும்.

வருஷங்கள் ஓடின. கோழிகள் செத்தன, வேறு கோழிகள் வந்தன, பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பட்டம் வைத்திருப்பாள். இன்ஸ்பெக்டர் என்று ஒன்று, எப்போதும் கூண்டைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பெரியம்மா என்று ஒன்று, எதையும் பாதி தின்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். அப்பா இறந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் மூன்று நாள் கொல்லைப்பக்கமே போகவில்லை. நாலாம் நாள் போய் உட்கார்ந்து, அப்பா ஒரு தடவைகூட என்னைப் பேசச் சொல்லவில்லை என்று பெரியம்மாவிடம் சொன்னாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு மருந்து மொத்தக்கடை கிடங்கில் வேலை கிடைத்தது. கடைகளிலிருந்து வரும் சீட்டைப் பார்த்து, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து, காலாவதித் தேதி சரிபார்த்து, பெட்டியில் அடுக்கி ஒட்டவேண்டும். வாய்க்கு வேலையே இல்லாத வேலை. ஒரு பெட்டிகூட மாறிப்போனதில்லை என்று முதலாளி சொல்லுவார். அங்கே அவளுக்கு 'சத்தம்' என்று பெயர். சத்தம் வந்தாச்சா, சத்தத்தைக் கூப்பிடு என்பார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோழியிடம் சொன்னாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நிற்கிற லிஃப்டை ஓடவைக்கிறவன். எதைக் கண்டாலும் பிரித்துப் போட்டு, எங்கே கோளாறு என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிற ஜாதி. எனக்குக் கல்யாணம் ஆகி, மனைவியும் அதே ஜன்னலில் நின்று கேட்கப் பழகிவிட்டாள். வந்த புதிதில் அவள் என்னிடம், உங்கள் தங்கச்சி என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறாள், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள்.

தங்கைக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு வரன் வந்தது. கண்ணாடிக் கடைக்காரர். மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. பேசாத பெண் என்று தெரிந்துதான் வந்தார். எங்கள் முன்னறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதிரில் அவள். பதினைந்து நிமிஷம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அது ஒன்றும் சங்கடமாக இல்லை. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் பேச்சு வேண்டாம், ஆனால் சம்மதம் என்பதை மட்டும் உங்கள் தங்கை வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும், நீங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளிவிட்டதாக இருக்கக்கூடாது என்றார். நியாயமான மனிதர். ஒரு மாதத்தில் சொல்லவைக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அன்று மாலை ஜன்னலில் எல்லோரும் நின்றோம். அவள் இன்ஸ்பெக்டரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "மூக்கு கொஞ்சம் நீளம்தான். ஆனா என்னைப் பேசுன்னு சொல்லல. எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்மதம் சொல்லிவிட்டாள், கோழியிடம் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைக் கொல்லையிலிருந்து முன்னறைக்குக் கொண்டுவரவேண்டும், அவ்வளவுதானே. மறுநாளிலிருந்து தினமும் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, 'சரி' என்று ஒரே ஒரு தடவை சொல்லு என்று கேட்டேன். கெஞ்சினேன், கத்தினேன். அவள் வாயைத் திறப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும், ஒன்றும் வராது. மூன்று வாரம் போயிற்று.

என் தொழில் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. மின்சாரம் குறுக்குவழியில் போய்க்கொண்டிருந்தால் மெயினுக்கு வராது. குறுக்குவழியை வெட்டினால் வந்துதான் ஆகவேண்டும். இவளுக்குக் கோழி ஒரு குறுக்குவழி. இருபது வருஷமாக நாமே அதற்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறோம். கோழி இல்லையென்றால் மனதில் இருப்பதை யாரிடம் கொட்டுவாள்? நம்மிடம்தான். இது எனக்கு அவ்வளவு சரியாகப் பட்டது. யாரையும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்க இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டியிருந்தது, துணைக்கு என் மனைவி போயிருந்தாள். தங்கை கிடங்குக்குப் போனதும் நான் வேலைக்கு லீவு சொன்னேன்.

ஐந்து கோழிகள். லிஃப்ட் பட்டன் பலகை வருகிற அட்டைப்பெட்டிகள் இரண்டு வைத்திருந்தேன். கோழிகள் தப்பி ஓடவில்லை. அவள் வளர்த்தவை, கை நீட்டினால் பக்கத்தில் வந்து நிற்கும். இன்ஸ்பெக்டர் தானாகவே பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. நாங்கள் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டிடத்தின் வாட்ச்மேன் நாலைந்து கோழி வளர்ப்பவர். அவரிடம் கொடுத்தேன். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல முட்டை போடும் என்றேன். திரும்பி வந்து, அவளுக்கு என்ன சொல்லவேண்டும் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப்பார்த்தேன்.

ஆறு மணிக்கு வந்தாள். வழியில் வாங்கிய குருணைப் பையோடு நேராகக் கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. எலுமிச்சை மரத்தடியில் பார்த்தாள், கல்லுக்குப் பின்னால் பார்த்தாள், சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். உன் நல்லதுக்குத்தான், உன் வாழ்க்கைக்குத்தான் என்று. கடைசியில், "இனிமே பேசணும்னா எங்ககிட்டதான் பேசணும்" என்றேன்.

அவள் வாய் திறந்தது. வருகிறது, வந்துவிட்டது என்று நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கி, சொல்லு, சொல்லு என்றேன். திட்டினாலும் பரவாயில்லை, நாசமாகப் போ என்றாவது சொல்லட்டும் என்று இருந்தது. கன்னம் முழுக்கக் கண்ணீர் வழிந்தது, தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கையை ஒவ்வொரு விரலாகத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். விளக்குமாற்றை எடுத்து, காலியான கூண்டைச் சுத்தமாகப் பெருக்கினாள்.

மறுநாள் அம்மா ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் அடுப்படிக்குப் போய் ஜன்னலைப் பார்த்தாள். கோழி எங்கேடா என்றாள். சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. போய்க் கொண்டுவா என்று மட்டும் சொன்னாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வாட்ச்மேன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். அவரைத் திடீரென்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், எல்லாக் கோழியையும் காலையில்தான் கறிக்கடைக்குக் கொடுத்தாராம். கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதே நிறத்தில் ஐந்து கோழி தேடி வாங்கிவந்து கூண்டில் விட்டேன். அவள் குருணை போட்டாள், தண்ணீர் வைத்தாள், முட்டை எடுத்தாள். எல்லாம் குறைவில்லாமல் செய்தாள். துவைக்கிற கல்லில் உட்காரவும் செய்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னபடி ஒரு மாதத்தில் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பல மாதம் கழித்துக் கடைவீதியில் பார்த்தேன், அவருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. பேச்சுவாக்கில், எனக்கு அவசரமே இல்லையே, ஒரு மாதம் என்று கெடு வைத்தது நீங்கள்தானே என்றார். உண்மைதான். அந்த ஒரு மாதம் நானே வைத்தது.

அம்மா மட்டும் தினமும் மாலையில் ஜன்னலில் போய் நின்றாள். மழையோ வெயிலோ, காய்ச்சலோ தலைவலியோ, தங்கை கொல்லைக்குப் போனால் இவள் ஜன்னலுக்குப் போவாள். நிற்பாள், ஒன்றும் கேட்காது, அவள் எழுந்து உள்ளே வந்ததும் இவளும் நகர்வாள். இப்படி ஒரு வருஷம். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கு இப்படித் தூண் மாதிரி நிற்கிறாய், அதுதான் போய்விட்டதே, பழைய கோழிகளோடு போய்விட்டது என்று கத்தினேன். அம்மா நிதானமாகத் திரும்பினாள்.

"அவ கோழிகிட்டப் பேசலடா. என்கிட்டப் பேசினா."

எனக்குப் புரியவில்லை. அம்மா சொன்னாள்: "நான் ஜன்னல்கிட்ட வந்து டம்ளரைக் கழுவிக் கவுத்து வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் அவ ஆரம்பிப்பா. நான் வர நேரமானா காத்துக்கிட்டு இருப்பா. முதல் வருஷமே எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? அவகிட்டப் போய் கேட்டிருப்ப" என்றாள். கேட்டிருப்பேன். மறுநாளே போய்க் கேட்டிருப்பேன்.

மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை எட்டு வயதில் கோழி சாக்கில் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அம்மாவும் அதைப் புரிந்துகொண்டு, இருபது வருஷம் மூச்சுக் காட்டாமல் காப்பாற்றியிருக்கிறாள். எங்களிடம்தான் பேசணும் என்று நான் கொல்லையில் போய் நின்ற அன்றைக்கு அந்தச் சாக்கு உடைந்துபோயிற்று. நாங்கள் ஒளிந்து நின்று கேட்கிறோம் என்று நினைத்தோம். அவள் எங்களுக்குக் கேட்கும்படிதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவின் மூக்குமுடி, என் கணக்குப் பரீட்சை, எல்லாம் வேண்டுமென்றே சொன்னது. முன்னறையில் வரவேண்டும் என்று நான் கழுத்தைப் பிடித்த அந்தச் 'சரி'யைக் கண்ணாடிக்காரருக்காக அவள் ஏற்கெனவே எங்களிடம் சொல்லிவிட்டாள். அவரைக் கூப்பிட்டு வந்து அடுப்படியில் நிறுத்தியிருந்தால் போதும், தன் காதால் கேட்டிருப்பார். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அம்மா பத்து வருஷம் இருந்தாள். பத்து வருஷமும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசி நாட்களில் நிற்க முடியாமல் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா இறந்தபோது தங்கை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் கதறினோம். இவளுக்கு இப்போதாவது சத்தம் வரும், அம்மா என்று ஒரு வார்த்தையாவது வரும் என்று அந்த அழுகையிலும் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், அவ்வளவுதான்.

அம்மா போய் ஐந்து மாதம் இருக்கும். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஸ்கூட்டர் ரிப்பேர் என்பதால் பஸ்ஸில் வந்து நடந்து வந்தேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் பேசுகிற குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். கொஞ்சம் கட்டையான, வயதான குரல். அடுப்படிக்குப் போனேன், என் மனைவி வீட்டில் இல்லை. குரல் கொல்லையிலிருந்து வந்தது.

அதை என் தங்கையின் குரல் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியாகக் கேட்டபோது அவளுக்கு இருபத்தெட்டு, இப்போது முப்பத்தொன்பது முடியப்போகிறது. எங்களுக்குத் தெரியாமல் குரல் உள்ளேயே மூப்படைந்திருக்கிறது. அசையாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கோழிகள் அவள் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தன, அவள் அவற்றைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறை ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்து.

"அண்ணனுக்கு முட்டி ரொம்ப வலிக்குது போல. மாடிப்படியில ரெண்டு படிக்கு ஒரு தடவை நிக்கிறான், செருப்பைப் பாக்குற மாதிரி. டாக்டர்கிட்டப் போன்னு யார் சொல்றது?"

வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே வெளியே போய்விட்டேன். தெருக்கோடியில் நின்று அழுதேன். இத்தனைக்கும் பிறகு அவள் என் முட்டியைப் பார்த்திருக்கிறாள். என் சந்தோஷத்தில் நான் மறுபடியும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மறுநாளே டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பெரிய உறையை அவள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். செருப்பு பிய்ந்தது என்றால் மறுநாள் புதுச் செருப்பு வந்து நிற்குமே, அதுபோல நானும் பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு. அம்மாவின் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது என்றே நம்பிவிட்டேன்.

அவள் வந்தாள். உறையைப் பார்த்தாள். எடுத்து என் பெயரைப் படித்தாள். இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அன்று பேசவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பேசவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அம்மா நின்றால் அவளுக்கு அது கேட்பது, நான் நின்றால் ஒட்டுக்கேட்பது. அவள் சொன்னது என்னைப் பற்றித்தான், ஆனால் எனக்கல்ல. ஒரு தடவை வழியை அடைத்தவன் மறுபடியும் அதே வழியில் வந்து நிற்கிறான் என்றால் அவள் வேறு என்ன செய்வாள்.

அதன்பிறகு நான் மாலை நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஸ்கூட்டர் சரியானதும் இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். அடித்துவிட்டு இன்ஜினை அணைத்து, மளிகைக்கடை ஓரம் நிற்பேன். ஏன் தினமும் இங்கே நிற்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு போன் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாடு போடும்போது என் மனைவி தாழ்ந்த குரலில், அவ பேச ஆரம்பிச்சுட்டா, உங்க ஹாரன் கேட்டா முடிச்சுக்கிட்டு எழுந்துடுறா என்றாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் முகத்தையே பார்த்தாள். கேட்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

இதோடு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஹாரன் அடித்த பிறகு பத்து நிமிஷம் நிற்கிறேன். முதலில் ஐந்து நிமிஷம்தான் நின்றேன். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கவேண்டாம், அவள் சாவகாசமாக முடிக்கட்டும் என்று பத்தாக்கினேன்.